வான்கோழியில் தொடங்கிய கண் லேசர்

போன கோடையில் சித்தியின் மகள் அபிடூர் முடித்தாள். வீட்டில் எல்லாரும் சேர்ந்து அவளுக்குக் காசு கொடுத்தோம். கார் ஓடப் பழகுவதற்கு வைத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அவளோ என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், "அண்ணா, கண்ணுக்கு லேசர் செய்ய எவ்வளவு முடியும்?" என்று கேட்டாள். ஆறு வயதிலிருந்து கண்ணாடி. ஹேண்ட்போல் விளையாடும்போது இரண்டு தரம் உடைத்திருக்கிறாள். இப்போது மைனஸ் மூன்றே முக்கால்.

சில ஆயிரம் யூரோ முடியும் என்றேன். கிராங்கன்காசே பொதுவாக ஒரு சதமும் தராது என்பதையும் சொன்னேன். "ஆனால் முதலில் ஒரு வான்கோழிக் கதை கேட்க வேண்டும்" என்றதும் முகத்தைச் சுளித்தாள். உங்களில் பலரும் இதே கேள்வியோடு இருப்பீர்கள் என்பதால் அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன்.

ரங்கசாமி ஸ்ரீநிவாசன் 1929இல் மெட்ராஸில் பிறந்தவர். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து, 1953இல் அமெரிக்கா போனார். 1961இலிருந்து நியூயோர்க் மாநிலத்தில் யோர்க்டவுன் ஹைட்ஸ் என்ற இடத்திலுள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை. கண்ணுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எக்சைமர் லேசர் என்ற, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் பிளாஸ்டிக் எப்படி அரிபடும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

1981 நவம்பர் 27. தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அடுத்த நாள். வீட்டில் மிஞ்சிய வான்கோழியில் கொஞ்சத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். பிளாஸ்டிக்கில் நடப்பது உயிருள்ள பொருளிலும் நடக்குமா என்று அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற சக ஆய்வாளர்களும் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. 193 நானோமீற்றர் அலைநீளமுள்ள கதிரைப் பாய்ச்சினார்கள். இறைச்சியில் சுத்தமான ஒரு பள்ளம் விழுந்தது. ஓரத்தில் கருகலே இல்லை. பச்சை லேசரால் அதையே செய்து பார்த்தபோது கருகியது.

காரணம் இதுதான். வழக்கமான லேசர் சூடாக்கி எரிக்கும். 193 நானோமீற்றரில் ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் உள்ள சக்தி, மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்துவிடும். சூடு பக்கத்துக்குப் பரவுவதற்கு முன்னரே துண்டுகள் பறந்துபோகும். ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ கால் மைக்ரோமீற்றர்தான் போகும். உங்கள் தலைமயிரின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரோமீற்றர்.

1983இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் வைத்தியர் ஸ்டீபன் ட்ரோக்கல் ஸ்ரீநிவாசனோடு சேர்ந்தார். கன்றுக்குட்டிக் கண்களில் செய்து பார்த்து அதே வருடம் கட்டுரை வெளியிட்டார்கள். கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிந்த படலத்தை நீங்கள் பள்ளிக்கூடத்தில் ஹோர்ன்ஹவுட் என்று படித்திருப்பீர்கள். அதன் வளைவைக் கொஞ்சம் மாற்றினால் ஒளி விழித்திரையில் சரியாகக் குவியும், கண்ணாடி தேவையில்லை.

அந்தப் படலத்தை மாற்றிப் பார்க்கும் எண்ணம் அதற்கு முன்னரும் இருந்தது. ஜப்பானில் சாட்டோ என்ற வைத்தியர் அதன் உட்பக்கத்திலும் கத்தியால் கீறினார். உட்பக்கத்துக் கலங்கள்தான் படலத்தைத் தெளிவாக வைத்திருக்கின்றன என்பது அப்போது சரியாகத் தெரியாது. ஆண்டுகள் பல போனபின் நோயாளிகளின் கண்கள் ஒவ்வொன்றாக மங்கின. பிறகு மொஸ்கோவில் பியோதரோவ் வெளிப்பக்கத்தில் மட்டும் ஆரக்கால் போல வெட்டினார். ஆயிரக்கணக்கானோர் பயன்பெற்றார்கள். ஆனால் கத்தி எவ்வளவு ஆழம் போகும் என்பது கையைப் பொறுத்த விஷயம்.

லேசருக்குக் கை நடுங்காது. மேற்கு பேர்லினில் தியோ சைலர் என்பவர் 1985இல் அதை முதன்முதலாக மனிதக் கண்ணில் பயன்படுத்தினார். பௌதிகமும் மருத்துவமும் படித்தவர். ஆரம்பத்தில் தொட்டது பார்வை போன கண்களைத்தான். பார்வையுள்ள கண் ஒன்றுக்கு 1988இல் அமெரிக்காவில் மார்கரட் மெக்டொனால்ட் செய்தார். அதுவும் வேறொரு நோயால் அகற்றப்பட இருந்த கண். அதன்பிறகு கிரேக்கத் தீவான கிரீற்றில் பலிக்காரிஸ், மேலே ஒரு மெல்லிய மூடியை வெட்டித் திறந்து, கீழே லேசர் அடித்து, திரும்ப மூடும் லாசிக் முறையை உருவாக்கினார். நோவும் குறைவு, அடுத்த நாளே வேலைக்குப் போகலாம். விளம்பரங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். மார்பூர்க்கின் செக்குண்டோவும் ஏர்ஃபுர்ட்டின் புளுமும் யேனாவிலுள்ள சைஸ் நிறுவனத்தின் கருவியால் மூடி வெட்டாமலே செய்யும் ஸ்மைல் முறையைப் பிறகு கொண்டுவந்தார்கள்.

எனக்கு முக்கியமான பகுதி இனித்தான். 1998இல் லாசிக் எங்கும் பரவத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் அதே சைலர், லாசிக் செய்த சில கண்களில் படலம் பலவீனமாகி முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று எழுதினார். அதே வருடம் அவரும் ட்றெஸ்டனில் ஏபர்ஹார்ட் ஸ்பேர்லும், பலவீனமான படலத்தை இறுக்கும் வழி பற்றியும் கட்டுரை எழுதினார்கள். விற்றமின் பி2 சொட்டுகளை ஊறவிட்டு, மென்மையான புறஊதா ஒளியைப் பிடிப்பார்கள். பல் அடைத்துவிட்டு வைத்தியர் நீல வெளிச்சம் பிடிப்பாரே, கிட்டத்தட்ட அப்படி. படலத்தின் நார்களுக்கிடையில் புதுப் பிணைப்புகள் உண்டாகும். பிணைப்பை அறுக்கும் ஒளியை மனிதக் கண்ணில் முதலில் பாய்ச்சியவரே, பிணைப்பைக் கட்டும் ஒளியையும் தேடியிருக்கிறார். 2003இல் வந்த ட்றெஸ்டன் முடிவுகளில் 23 கண்கள் இருந்தன. எல்லாவற்றிலும் நோய் நின்றிருந்தது.

2013இல் எனக்கு முதல் சம்பளங்கள் வரத் தொடங்கின. நானும் லேசர் செய்யப் போனேன். ஓரிடத்தில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, இந்தக் கிழமை முற்பணம் கட்டினால் கழிவு உண்டு என்றார்கள். திகதியும் தந்தார்கள். வழமையான கண் வைத்தியரிடம் சும்மா சொன்னபோது அவர், "முதலில் வரைபடம் எடுப்போம்" என்றார். திரையில் என் கண் ஒரு மலைப்பிரதேச வரைபடம் போல வந்தது. கீழே ஒரு பக்கம் சிவப்பு. கெரட்டோகோனுஸ் என்றார். படலம் மெலிந்து கூம்பாகிக்கொண்டு வரும் நோய். லேசர் இன்னும் மெலியச் செய்திருக்கும்.

அடுத்த வருடம் எனக்கு ட்றெஸ்டன் முறை செய்தார்கள். அரை மணிநேரம் மஞ்சள் சொட்டு, அரை மணிநேரம் ஊதா வெளிச்சம். மேற்தோலைச் சுரண்டுவதால் மூன்று நாள் நோ. அம்மா வீட்டுத் திரைச்சீலைகளைத் திறக்கவே விடவில்லை. காசுக்கு நான் கிராங்கன்காசேக்கு நீண்ட விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. 2018இல்தான் இந்தச் சிகிச்சை இங்கே பொதுக் காப்புறுதிக்குள் வந்தது. பார்வை கூடவில்லை, கண்ணாடியும் போகவில்லை. ஆனால் சிவப்பு அன்றிருந்த இடத்திலேயே நிற்கிறது.

இதை ஏன் தமிழில், உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பார்த்தபோது, ஆசியப் பின்னணியுள்ளவர்களுக்கு இந்த நோய் வெள்ளையர்களை விட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாக வந்திருந்தது. அங்கே ஆசியர் என்றால் பெரும்பாலும் நம் துணைக்கண்டத்தார்தான். கண்ணைத் தேய்ப்பதும் நிலைமையை மோசமாக்கும். ஏப்ரலில் பிர்க்கன் மகரந்தம் பறக்கும்போது நான் சின்ன வயதில் இரண்டு கையாலும் தேய்ப்பேன். ஊரில் இல்லாத மரம், வந்த இடத்தில் பிடித்த ஒவ்வாமை.

தங்கச்சிக்கு ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். படலம் நடுவில் சுமார் 540 மைக்ரோமீற்றர். லாசிக் மூடிக்கு 110. ஒரு டயொப்டருக்கு ஏறத்தாழ 12 அல்லது 13 வீதம் அவளுக்கு 50க்குக் கிட்ட. மிச்சம் 380. மூடிக்குக் கீழே 250க்குக் குறைய விடக்கூடாது என்பது பழைய விதி, இப்போது பலர் 300 என்கிறார்கள். "அப்ப எனக்குக் காணும்தானே?" என்றாள். தடிப்புக் காணும், வடிவத்தை வரைபடம்தான் சொல்லும் என்றேன்.

ஸ்ரீநிவாசன், வின், பிளம் மூவருக்குமான தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 2013இல் வெள்ளை மாளிகையில் ஒபாமா கையால் வழங்கப்பட்டது. எனக்குச் சிவப்புத் தெரிந்த அதே வருடம்.

இரண்டு கிழமை மென்வில்லை போடாமல் இருந்துவிட்டு, தங்கச்சி போன மாதம் வரைபடம் எடுத்தாள். முழுக்கப் பச்சை. ஆனால் ஒரு வருடத்தில் மைனஸ் மூன்றேகாலிலிருந்து மூன்றே முக்காலுக்கு ஏறியிருப்பதால், அது நிற்கும்வரை தொட மாட்டோம் என்று வைத்தியர் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த கோடையில் திரும்ப அளப்பார்கள். காசு வங்கியில் இருக்கிறது. அதற்குள் கார் ஓடப் பழகலாமா என்று கேட்கிறாள்.