ஆசிரியரை உருவாக்கும் கல்லூரிகள் – ஒரு வரலாற்று நோக்கு

மாதா, பிதா, குரு, தெய்வம் என்பது நம் முன்னோர் வகுத்த வரிசை. மாதாவும் பிதாவும் இயல்பாய் அமைகின்றனர். குருவோ பயிற்சியால் உருவாகிறார். அப்பயிற்சியை எங்கே பெறுவது என்பது நம் பங்கில் ஆண்டுதோறும் எழும் கேள்வி. பட்டப்படிப்பை முடித்த பிள்ளையை பி.எட். வகுப்பில் சேர்க்க விரும்பும் பெற்றோர், பஸ் வசதியையும் கட்டணத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுவதைக் காண்கிறோம். இதற்கு நல்ல வழிகாட்டி வரலாறே. ஆகவே அதைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

ரீம்ஸ் நகரில் விழுந்த வித்து

பிரான்சு நாட்டின் ரீம்ஸ் நகரைச் சேர்ந்த குருவானவர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால். ஏழைச் சிறுவர்க்கான பள்ளிகளை நடத்திய அவர், நல்ல ஆசிரியர் இல்லாமல் நல்ல பள்ளி இல்லை என்பதைக் கண்டார். 1680-களில், கிராமப் பங்குகளுக்கு ஆசிரியர்களை ஆயத்தம் செய்ய ஒரு பயிற்சி இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் பாரிசில் அமைத்த பயிற்சி இல்லத்தோடு ஒரு சிறுவர் பள்ளியையும் இணைத்தார். கற்பிக்கப் பழகுகிறவர் பிள்ளைகள் நடுவில்தான் பழக வேண்டும் என்பதே அதன் கருத்து. 1950-ஆம் ஆண்டு பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் இப்புனிதரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

சட்டாம்பிள்ளை தந்த பாடம்

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் ஒரு பயிற்சி முறை இருந்தது. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லுவான். சொல்லிச் சொல்லியே தானும் தேர்ச்சி பெறுவான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் அவர் இதைப் பற்றி நூல் வெளியிட்டபின், இது 'மதராஸ் முறை' என்று மேலை நாடுகளிலும் புகழ் பெற்றது. நம் திண்ணையில் கண்டது கடல் கடந்து சென்றது நமக்குப் பெருமையன்றோ!

சைதாப்பேட்டை முதல் பாளையங்கோட்டை வரை

ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி தேவை என்பதை 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கை வற்புறுத்தியது. 1856-இல் சென்னையில் அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதுவே வளர்ந்து சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் இராதாகிருஷ்ணன் 1910-இல் அங்கே பயிற்சி பெற்றவரே. அன்று எல்.டி. என்று வழங்கிய பட்டம் பின்னர் பி.டி. ஆகி, இன்று பி.எட். எனப்படுகிறது. கல்லூரியோடு ஒரு மாதிரிப் பள்ளியும் சேர்ந்திருந்தது அதன் பெரும் பலம்.

கிறிஸ்தவ நிறுவனங்களும் இத்துறையில் பின்தங்கவில்லை. 1923-இல் வேப்பேரியில் பெண்களுக்கென செயிண்ட் கிறிஸ்டோபர் கல்லூரியும், 1937-இல் இராயப்பேட்டையில் மெஸ்டன் கல்லூரியும் எழுந்தன. 1950-இல் இயேசு சபையார் பாளையங்கோட்டையில் புனித சவேரியார் கல்லூரியைத் தொடங்கினர். அதே ஊரில் 1957-இல் பெண்களுக்காகப் புனித இஞ்ஞாசியார் கல்லூரியும், 1961-இல் சென்னையில் ஸ்டெல்லா மட்டூட்டினா கல்லூரியும் உருவாயின. இவற்றில் பயின்றவர்கள் நாட்டின் பல மூலைகளிலும் கரும்பலகையின் முன் நின்று தொண்டாற்றினர்.

பெருகிய கல்லூரிகளும் பிறந்த கட்டுப்பாடும்

காலப்போக்கில் கல்லூரிகள் பெருகின. தரத்தைப் பற்றிய கவலையும் பெருகிற்று. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 1995-இல் செயல்படத் தொடங்கியது. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-இல் பிறந்தது. ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு 2015-இல் ஈராண்டாயிற்று. மாணவ ஆசிரியர் பள்ளியில் செலவிட வேண்டிய காலம் மொத்தம் 20 வாரம் என விதியாயிற்று. முதல் 4 வாரம் பார்த்துப் பழக. பின் 16 வாரம் பாடம் நடத்த. ரீம்சிலும் திண்ணையிலும் கண்ட உண்மைக்கே சட்டமும் வந்து சேர்ந்தது எனலாம்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் நாம் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். குழுமத்தின் அங்கீகார ஆணையும் பல்கலைக்கழக இணைப்பும் உள்ளனவா? 50 பேர் கொண்ட இரு பிரிவுகளை நடத்தும் ஈராண்டுக் கல்லூரிக்கு முதல்வரோடு 16 ஆசிரியர் வேண்டும் என்பது 2014-ஆம் ஆண்டு விதி. அத்தனை பேரும் உண்மையில் வந்து பாடம் எடுக்கின்றனரா? நம் பிள்ளையின் பாடத்திற்கு உரிய பேராசிரியர் உண்டா? எல்லாவற்றிற்கும் மேலாக, பயிற்சிக்கு அனுப்பும் பள்ளிகள் எவை? அங்கே வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து கவனித்துத் திருத்துபவர் யார்?

வேலை பற்றியும் தெளிவு வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போர்க்குத் தகுதித் தேர்வை 2010-இல் குழுமம் நிர்ணயித்தது. முதல் ஐந்து வகுப்புகளுக்கான ஆசிரியப் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடக்கப் பள்ளியில் பணியாற்ற விரும்பும் பிள்ளையை பி.எட். படிப்பில் சேர்த்துவிட்டுப் பின்னர் வருந்துவது வீண்.

"வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று ஆசை காட்டும் குரல்களும் நம் காதில் விழாமல் இல்லை. அப்படிப் பெறும் பட்டம் சுவரில் தொங்கும். கையில் தொழில் இராது. அதன் நட்டம் அப்பட்டதாரியோடு நின்றுவிடுவதில்லை. அவர் முன் ஆண்டுதோறும் வந்து அமரும் நாற்பது பிள்ளைகளும் அதைச் சுமக்கின்றனர். அவர்கள் நம் தெருப் பிள்ளைகளே.

ஆதலால் பெற்றோரே, இளைஞரே, கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், அது மாணவரை அனுப்பும் பள்ளிக்கு ஒரு நாள் நேரில் சென்று வாருங்கள். அங்கே மாணவ ஆசிரியர் பாடம் நடத்துவதைக் கண்டபின் விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள். நம் பங்கின் வருங்கால ஆசிரியர்கள் நல்ல பட்டறையில் பழகி வருவார்களாக!