காகசஸ் மலைநாட்டுப் போர் நடனங்கள்

இல்லாத தேசங்களையும் பிறவாத ஜனங்களையும் கற்பித்துக் கதை புனையும் எழுத்தாளர்கள், தம் வீரர்களுக்கு ஒரு நடையும் உடையும் தேடிப் புறப்படும்போது, கருங்கடலுக்கும் காகசஸ் மலைத்தொடருக்கும் இடையே கிடக்கும் ஜார்ஜியாவின் போர் நடனங்களிடம் வந்து நிற்பது இயல்பே. அந்தப் பூமி பூர்வகாலந்தொட்டு அயலாரின் கற்பனைக்கு விளைநிலமாக இருந்திருக்கிறது. தங்க ஆட்டுத்தோலைத் தேடி ஜேசன் கப்பலேறிச் சென்றதாகக் கிரேக்கர் பாடிய கோல்கிஸ், இன்றைய மேற்கு ஜார்ஜியாதான். நாகத்தின் பற்களை விதைத்த உழவுசாலிலிருந்து ஆயுதபாணிகள் முளைத்தெழுந்து ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்த அற்புதமும் அந்த மண்ணில் நிகழ்ந்ததாகவே அவர்கள் சொன்னார்கள்.

கதையை விட்டுச் சரித்திரத்துக்கு வந்தாலும் ஆச்சரியம் குறைவதில்லை. கி.மு. 400இல் கிரேக்கக் கூலிப்படையோடு கருங்கடலின் தென்கரை வழியே திரும்பிய ஸெனஃபோன், அங்கு மொசினோய்க்கர் என்னும் குடியினர் நூறு நூறு பேராக எதிரெதிர் வரிசை கட்டி நின்று, ஒருவன் பாட்டெடுக்க மற்ற யாவரும் அந்தத் தாளத்துக்கு அடியெடுத்துப் பகைவர்மேல் நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். இன்றைய ஜார்ஜிய நடனங்களின் மூதாதை அதுவே என்று துணிந்து சொல்வது மிகையாகும். ஆயினும் அந்தக் கடற்கரையில் போரும் கூத்தும் ஒன்றையொன்று அறிந்தே வளர்ந்தன என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

அதே கடலோரத்தில், உதுமானியப் பேரரசின் எல்லைப்புறமாக நெடுங்காலம் கிடந்து 1878இல் ருஷ்யாவின் வசமான அட்ஜாரா பிரதேசத்துக்கு உரியது கோருமி என்ற நடனம். அதில் பாட்டுக் கிடையாது. டோலி என்னும் முரசும் சிபோனி என்னும் துருத்திக் குழலுமே துணை. தாளம் ஐந்தாக எண்ணப்படுவது; நமது சங்கீதக் கணக்கில் கண்ட நடையைச் சேர்ந்தது. ஆதியில் சிலரே ஆடிய இதில் இப்போது முப்பது நாற்பது பேர் கைகோத்து, முழங்கால் மடித்து, ஒரே உடலாக நகர்கிறார்கள். முகாமுக்கு இடம் தேடுதல், பகைவரை ஒற்றறிதல், யுத்தம், வெற்றிக் களிப்பு என்று கதை செல்கிறது. நான் பெரிதாக மதிப்பது அந்த முற்பகுதியைத்தான். பாய்வதற்கு முன் பதுங்குவதையும், தாக்குவதற்கு முன் செவிசாய்ப்பதையும், திடீரென்று ஸ்தம்பித்து நிற்பதையும் நடனமாக்கிய ஒரு சமூகம், தன் வீரத்தின் உள்ளே இருந்த அச்சத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறது. கற்பனைப் படைகளுக்குப் பெரும்பாலும் இது வாய்ப்பதில்லை. அவை முழக்கத்தோடு பிறந்து முழக்கத்தோடு மடிகின்றன.

வடக்கே உயர்மலையில் உள்ள கெவ்சுரேத்தியின் நடனம் முற்றிலும் வேறு. சிறிய வட்டக் கேடயமும் வாளும் ஏந்தி இருவர் பொருத, இரும்பில் இரும்பு பட்டுப் பொறி பறக்க, ஆட்டம் உக்கிரமாகும் தறுவாயில் ஒரு பெண் தன் தலைத்துணியைக் கழற்றி நடுவே எறிகிறாள்; வாள்கள் தாழ்கின்றன. இது மேடைக்காக இட்டுக்கட்டியதன்று. மண்டிலி எனப்படும் அத்துணி நடுவில் விழுந்தபின் சண்டையைத் தொடரலாகாது என்பது அந்த மலைக்குடிகளின் ஆசாரம். அரசனின் ஆணை எளிதில் எட்டாத அந்தப் பள்ளத்தாக்குகளில், பழிக்குப் பழி தலைமுறை தலைமுறையாக நீண்டு குலங்களையே அழித்துவிடக் கூடியதாயிருந்தபடியால், வாளோடு கூடவே அதை நிறுத்தும் உபாயங்களையும் அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அவர்களது வாட்பயிற்சியில் எதிரியைக் கொல்லாது லேசாகக் காயப்படுத்துவதே சாமர்த்தியம். முகத்தில் பட்ட காயத்தின் நீளத்தைத் தானிய மணிகளை அடுக்கி அளந்து, அந்தக் கணக்குப்படி இத்தனை பசுக்கள் என்று தண்டம் விதித்தார்கள். கற்பனைத் தேசமொன்றை நிர்மாணிப்பவன் கெவ்சுரேத்தியிலிருந்து வாளை மட்டும் எடுத்துப்போவானாயின், அந்தத் தேசத்தில் ஒரு குடும்பம் எப்படி உயிர்பிழைத்திருக்கும் என்று நான் கேட்பேன். தலைத்துணியையும் தானியத்தையும் சேர்த்து எடுத்துப்போனால் அவனது தேசத்தில் மனிதர் வசிக்க முடியும்.

அயலார் இம்மக்களையே கதாபாத்திரங்களாக்கி விட்டதும் உண்டு. அவர்களுடைய இரும்புச் சங்கிலிக் கவசத்தையும், உடையில் தைத்த சிலுவைகளையும் கண்டு, வழி தவறிய சிலுவைப்போர் வீரர்களின் சந்ததி இவர்கள் என்ற கதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காகசஸில் பணிபுரிந்த ருஷ்ய அதிகாரி ஸிஸ்ஸெர்மன் பரப்பினார். 1935இல் அமெரிக்கப் பிரயாணியான ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் அதை உலகறியச் செய்தார். ஆதாரமற்ற அந்தக் கதை, மலைவாசிகள் தம் சொந்த நாட்டிலேயே பெற்ற நாகரிகத்தை எங்கிருந்தோ வந்த பிரபுக்களின் எச்சமாகக் குறைத்துவிட்டது என்பதே என் மனத்தாங்கல்.

நாம் இன்று மேடையில் காண்பதும் ஒருவகையில் கற்பனையின் ஆக்கமே. 1945இல் இலிகோ சுகிஷ்விலியும் அவருடைய மனைவி நீனோ ரமிஷ்விலியும் அரசு நடனக் குழுவை ஸ்தாபித்து, பிரதேசத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்த ஆட்டங்களைத் திரட்டி, செப்பனிட்டு, வேகமேற்றினார்கள். சித்திரக்காரர் விர்சலாட்ஸே ஆடைகளைத் தீட்டிக் கொடுத்தார். உள்ளே அட்டை வைக்காத மெல்லிய தோற்காலணியோடு ஆண்கள் கால்விரல் நுனியில் நின்று சுழல்வதைக் கண்டு பல தேசத்துச் சபைகள் பிரமித்தன. 1967இல் மிலானோ நகரின் லா ஸ்காலா அரங்கிலும் அவர்கள் ஆடினார்கள்.

ஆனால் இவ்வளவு புகழுக்கும் இடையில், 1950களின் தொடக்கத்தில், சோவியத் அரசு கெவ்சுரேத்தியின் ஜனங்களைப் பலவந்தமாகச் சமவெளிக்கு இறக்கிக் குடியேற்றியது. வீட்டோடு வீடு ஒட்டிக் கோட்டையாக நின்ற ஷாட்டிலி கிராமம் காலியாயிற்று. அந்த ஊர்களின் வாளும் கேடயமும் கடல் கடந்த நகரங்களின் மேடைகளில் முழங்கிய வருஷங்களில், தலைத்துணியின் ஆணைக்கு உண்மையாகவே கட்டுப்பட்டு வாழ்ந்த குடும்பங்கள் பலவும் அந்த மலைகளில் குடியிருக்கவில்லை.