அரபிக் கடல் மேல் ஒரு வான்வழி

வானவூர்தி நிறுவனங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், எந்த ஆண்டில் எந்த விமானம் வாங்கப்பெற்றது, எந்த நகருக்கு அது முதலில் பறந்தது என்று பட்டியலிடுவதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். பட்டியலும் வேண்டியதே. ஆயினும், அவ்விமானங்கள் யாரை ஏற்றிச் சென்றன என்ற வினாவையும் உடன் எழுப்பினால்தான், அவை ஏன் வந்தன, ஏன் போயின என்பது விளங்கும். ஏர் இந்தியா நிறுவனத்தின் கதையை இவ்வினாவை முன்வைத்து ஈண்டு நோக்குவோம்.

1932 அக்டோபர் 15ஆம் நாள், கராச்சியிலிருந்து 'புஸ் மாத்' என்னும் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை ஜே.ஆர்.டி. டாடா தாமே ஓட்டிப் புறப்பட்டார். விமானி நீங்கலாக இருவருக்கு மேல் அதில் இடமில்லை. அன்று அதில் சென்றதோ தபால் மட்டுமே. இடையில் அகமதாபாத்தில் இறங்கியபோது, தகர டின்களில் நிரப்பிய பெட்ரோலை மாட்டுவண்டி கொண்டுவந்து கொடுத்தது. பிற்பகலில் பம்பாய் ஜுஹு வெளியில் அவர் இறங்க, அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலை ஏற்றுக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றிய இந்த வின்சென்ட்தான் வான்வழித் தபால் திட்டத்தை வகுத்து டாடாக்களிடம் கொண்டுவந்தவர். 1942இல், போர்க்காலப் பயணம் ஒன்றில் அவர் உயிர் துறந்தார்.

லண்டனிலிருந்து தபாலைக் கராச்சி வரை கொண்டுவருவது இம்பீரியல் ஏர்வேஸின் வேலை. அதைத் தெற்கே பரப்புவது டாடா நிறுவனத்தின் வேலை. இதனால்தான் அதன் முதல் தடத்தின் ஒரு முனை கராச்சியாகவும் மறுமுனை சென்னையாகவும் அமைந்தன. அரசு மானியம் ஏதும் இல்லை. தபாலின் எடைக்கேற்ற கூலியே வருவாய். மழைக்காலத்தில் ஜுஹு வெளி நீரில் மூழ்கும். அப்போது விமானங்களைப் பூனாவுக்கு மாற்றுவார்கள். முதல் ஆண்டு முழுவதும் ஏறிய பயணிகள் 155 பேர்தாம் எனினும் 60,000 ரூபாய் இலாபம் கிடைத்தது. அந்நாளில் விமானத்துக்குச் சோறு போட்டது பயணி அன்று, கடிதமே என்பது இதனால் தெளிவாகிறது.

1938இல் பேரரசு வான்தபால் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கடிதங்கள் மிகுதியாக வான்வழியே செல்லத் தொடங்கவே, தபால் சுமை பன்மடங்காகியது. சிறு விமானங்கள் போதாமற்போயின, பெரியவை வந்தன. அவ்வாண்டிலேயே கொழும்பும் தடத்தில் சேர்ந்தது.

பிறகு காலம் புரண்டது. 1946இல் டாடா ஏர்லைன்ஸ் 'ஏர் இந்தியா' என்னும் பொது நிறுவனமாயிற்று. 1947இல் கராச்சி பாகிஸ்தானுக்குரியதாயிற்று. 1953இல் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, உள்நாட்டுத் தடங்கள் இந்தியன் ஏர்லைன்ஸுக்கும், வெளிநாட்டுத் தடங்கள் ஏர் இந்தியாவுக்கும் பிரித்தளிக்கப்பட்டன. எந்தத் தடத்தில் அந்நிறுவனம் பிறந்ததோ, அந்தத் தடம் இவ்வாறு துண்டுபட்டு மறைந்தது.

புதிய தடங்கள் மேற்கை நோக்கின. 1948 ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்சஸ்' என்னும் கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. 1954இல் சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் வந்ததும் சிங்கப்பூர், ஹாங்காங், தோக்கியோ ஆகியவற்றுக்குத் தடங்கள் நீண்டன. 1960இல் போயிங் 707 வந்தது; அவ்வாண்டே நியூயார்க் எட்டப்பட்டது. 1962இல் முற்றிலும் ஜெட் விமானங்களே கொண்ட நிறுவனமென ஏர் இந்தியா பெயர் பெற்றது. 1971இல் 'எம்பரர் அசோகா' என்ற பெயருடன் ஜம்போ 747 வந்து சேர்ந்தது.

இப்பெயர்கள் நம் கருத்தைக் கவர்கின்றன. முதலில் இளவரசி, அடுத்து நந்தாதேவி, காஞ்சன்ஜங்கா என மலைச் சிகரங்கள், பின்னர் அசோகர், ஷாஜஹான், ராஜேந்திர சோழன் எனப் பேரரசர்கள். ஆனால் பேரரசர்களின் பெயர் தாங்கிய அவ்விமானங்களை நாடி வந்தவர்கள் யார்? 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்து, வளைகுடா நாடுகளில் சாலைகளும் துறைமுகங்களும் மாளிகைகளும் எழத் தொடங்கின. அவற்றைக் கட்ட ஆட்கள் தேவைப்பட்டனர். கொத்தனாரும், தச்சரும், ஓட்டுநரும், கடைச் சிப்பந்தியும் கையில் விசாவோடு பம்பாய் விமான நிலையத்தில் வரிசை கட்டி நின்றனர். ஐரோப்பாவை எண்ணி வாங்கிய விமானங்கள் அரபிக் கடலைக் கடக்கலாயின.

கடல்வழியும் இக்காலத்தில்தான் தேயலாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவர்களைச் சுமந்த ரஜூலா கப்பல் 1973இல் ஓய்ந்தது. அதன் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985இல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அவ்வழி முடிவுற்றது. பம்பாய்–ஜித்தா ஹஜ் கப்பற் பயணமும் 1995இல் நின்றது. நாட்கணக்கில் அலைகளோடு போராடிச் சென்ற ஹாஜிகள் சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கினர்.

இவ்வான்வழிக்கு நம் மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1978 ஜனவரி 1 அன்று, அந்த 'எம்பரர் அசோகா'வே துபாய் நோக்கிப் பம்பாயிலிருந்து எழும்பிய இரண்டு நிமிடத்துக்குள் கடலில் வீழ்ந்தது; 213 பேரும் மாண்டனர். 2010இல் மங்களூரில் 158 பேரும், 2020இல் கோழிக்கோட்டில் 21 பேரும் இறந்தனர். அவ்விரு விமானங்களும் துபாயிலிருந்து வந்தவை. அவற்றில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தோர் பலர், ஆண்டுகள் பல உழைத்து வீட்டைக் காண வந்தவர்கள்.

இவற்றுக்கிடையே, 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது நிகழ்ந்ததை மறத்தலாகாது. வேலையும் சேமிப்பும் இழந்து, பாலைவனத்தைக் கடந்து, ஜோர்தானின் அம்மான் நகரில் வந்து குவிந்தனர் இந்தியர்கள். ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 11 வரை, ஏர் இந்தியா விமானங்களும் உடன் இணைந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானங்களும் 488 முறை பறந்து, 1,11,000க்கு மேற்பட்டோரை நாடு சேர்த்தன. உலகின் மாபெரும் குடிமக்கள் வான்மீட்பு என இது போற்றப்படுகிறது. எத்தனையோ முதல் தடங்களைப் பற்றிப் பெருமிதத்தோடு எழுதுகிறோம். எங்கும் விளம்பரம் செய்யப்படாத, பயணச்சீட்டு வாங்க வகையற்றோரைச் சுமந்த இந்த அம்மான்–பம்பாய்த் தடமே அந்நிறுவனம் பறந்த தடங்களுள் தலையாயது என்பது நம் கருத்து.

2005 ஏப்ரலில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பிறந்தது. குறைந்த கட்டணச் சேவையாகிய அது முதன்முதல் பறந்தது திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்கு. உழைப்பாளியின் தடத்துக்கெனத் தனி நிறுவனமே வேண்டியிருந்தது என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் செல்வோர் அதை நன்கறிவர். ஆனால் பெருநாட்களிலும் பள்ளி விடுமுறையிலும் வளைகுடாக் கட்டணம் எந்த நிறுவனத்திலும் விண்ணை முட்டுகிறது என்னும் குறை இன்னும் தீர்ந்தபாடில்லை.

2007இல் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. 2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் மீண்டும் டாடாக்களின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு 470 புதிய விமானங்களுக்கு ஆணை தரப்பட்டது. 2024இல் கடைசி ஜம்போவும் மும்பையிலிருந்து விடைபெற்றது.

வரப்போகும் விமானங்களுக்கு என்ன பெயர் சூட்டுவார்களோ, நாமறியோம். பேரரசர்களின் பெயர் மறைந்தாலும் குறையில்லை. தபால் மூட்டையால் தொடங்கி ஹாஜியாலும் உழைப்பாளியாலும் வளர்ந்த இவ்வரலாற்றை எழுதுவோர், விமானங்களின் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அவற்றில் ஏறியவர்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும். அது அவர்களுக்குரிய கடன்.