தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், 1948

ஆலைகளிலும் நிறுவனங்களிலும் குறைந்த ஊதியத்துக்குப் பணிபுரிவோருக்கு மருத்துவம், நோய்க்கால உதவித்தொகை, மகப்பேற்று உதவி, பணியிட விபத்துக்கான ஈட்டுத்தொகை ஆகியவற்றை உரிமையாக்கிய இந்தியச் சட்டம், மக்கள் வழக்கில் இ.எஸ்.ஐ. என்றே அறியப்படுகிறது. பேராசிரியர் பி. பி. அடார்கர் 1944இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் இயற்றப்பட்ட இதன் திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. தமிழகத்தில் 1955இல், பஞ்சாலைத் தொழிலாளர் நிறைந்த கோயம்புத்தூரில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது.

இதன் உயிர்நாடி சந்தா முறையாகும். ஊதியத்தில் முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்த வேண்டும் என்பது 2019 ஜூலை 1 முதலான விகிதம். இரு பங்குகளையும் முதலில் முதலாளியே செலுத்திவிட்டுத் தொழிலாளியின் பங்கை மட்டும் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். முதலாளி தம் பங்கை எந்த வழியிலும் சம்பளத்திலிருந்து ஈடுகட்ட இயலாது. தனியார் குழுக் காப்பீட்டில் வயதும் முந்தைய ஆண்டின் செலவும் கட்டணத்தை உயர்த்துகின்றன. இங்கோ சந்தா ஊதியத்தை மட்டுமே சார்ந்திருப்பதால், நோயாளியும் முதியவரும் அதிகம் செலுத்த நேர்வதில்லை. மருந்தைவிட இழந்த கூலியே ஏழைக் குடும்பத்தைச் சாய்க்கும் என்பதை உணர்ந்து, நோயுற்ற நாள்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை வழங்கச் செய்தது இச்சட்டத்தின் தலையாய சிறப்பு எனலாம்.

செலவை யார் சுமப்பது என்ற விவாதம் ஓய்ந்ததில்லை. திட்டத்தை நடத்தும் இ.எஸ்.ஐ. கழகத்திடம் உபரி நிதி குவிந்திருக்கையில், இரு பங்குகளும் சேர்ந்து அப்போதிருந்த 6.5 விழுக்காடு சந்தா மிகையான சுமை என்று முதலாளிகள் வாதிட்டனர். 2019இல் மொத்த விகிதம் 4 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவர் பணியிடங்கள் காலியாகவும் மருந்தகங்களில் வரிசை நீண்டும் இருக்கையில், உபரி என்பது செலவிடப்படாத சிகிச்சையே என்றன தொழிற்சங்கங்கள். இவ்வாதமே வலுவானது. இ.எஸ்.ஐ.க்கு மாற்றாகத் தனியார் காப்பீட்டைத் தொழிலாளி தேர்ந்துகொள்ளலாம் என்ற யோசனை 2015ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கையில் முன்வைக்கப்பட்டது. உடல்நலமுள்ளோர் விலகிச் சென்றால் எஞ்சியோரின் சுமை பெருகும் என்பது அதற்கெதிரான முதன்மையான மறுப்பு.

எல்லாவற்றினும் கூர்மையான சிக்கல் ஊதிய உச்சவரம்பு. தொடக்கத்தில் மாதம் 400 ரூபாயாக இருந்த அது, 2017 ஜனவரி 1 முதல் 21,000 ரூபாயானது. சில நூறு ரூபாய் ஊதிய உயர்வால் வரம்பைத் தாண்டுபவர், அந்த ஆறு மாதச் சந்தாக் காலம் முடிந்ததும் திட்டத்திலிருந்து வெளியேறுகிறார். தனியார் மருத்துவமனைக் கட்டணத்தைத் தாங்கும் வசதி அவ்வுயர்வோடு வந்துவிடுவதில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020, பழைய சட்டத்தைத் தன்னுள் அடக்கி, ஆபத்தான தொழில்களில் ஒருவர் மட்டும் பணிபுரியும் இடத்தையும் திட்டத்துக்குள் கொண்டுவர வழிசெய்தது. ஊதிய வரம்பை முடிவுசெய்வது மட்டும் முன்போலவே மத்திய அரசிடம் விடப்பட்டுள்ளது.