ஈயப் பற்றும் வரலாறே: பெற்றோமக்ஸ் விளக்கு பற்றிய ஒரு நோக்கு

விளக்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அகல்விளக்கிலிருந்து சிமினி விளக்குக்கும், அங்கிருந்து மின்குமிழுக்கும் ஒரே பாய்ச்சலிற் சென்றுவிடுவர். இடையிலே பல பத்தாண்டுகளாக நம் திருவிழா வீதிகளையும் கூத்துக் களரிகளையும் கல்யாணப் பந்தல்களையும் பகலாக்கிய மண்ணெண்ணெய் அமுக்க விளக்கு அவர்தம் கண்ணிற் படுவதில்லை. யார் செய்த விளக்காயினும் அதனைப் பெற்றோமக்ஸ் என்றே வழங்கினோம். ஒரு தொழிற்சாலையின் வணிகப் பெயர் பொருளின் பெயராகவே ஊன்றிவிட்டது.

மேனாடுகளிலே இவ்விளக்குகளைத் தேடிச் சேர்ப்பதும், பழுது நீக்கிப் புதுக்குவதும், காட்டிலோ ஏரிக்கரையிலோ கூடாரமடித்துத் தங்கும் இரவுகளில் அவற்றை ஏற்றி மகிழ்வதும் இன்று பலருடைய விருப்பப் பொழுதுபோக்காக உள்ளன. உற்பத்தியாளர் யார், மாதிரி எது, ஆண்டு எது என்பன பற்றிய அவர்களுடைய அறிவு வியக்கத்தக்கது. அவ்வறிவுக்கு இக்கட்டுரை பெரிதும் கடன்பட்டது. ஆயினும் ஒரு விடயத்தில் அவர்களோடு முரண்படவும் வேண்டியுள்ளது. அதனைக் கூறுமுன் விளக்கின் பிறப்பை நோக்குவோம்.

இவ்விளக்கின் உயிர்நிலை அதன் திரியன்று. அதற்குத் திரியே இல்லை. மென்டில் எனப்படும் சிறு வலைப்பையே ஒளியைத் தருவது. அவுஸ்திரிய இரசாயனவியலாளரான கார்ல் அவுவர் வொன் வெல்ஸ்பாக் அதனை 1885 இல் முதன்முதலிற் காப்புரிமை செய்தபோது பயன்படுத்திய கலவை பச்சை சாய்ந்த ஒளியைத் தந்தமையால் மக்கள் அதனை விரும்பவில்லை. 1891 இல் அவர் கண்ட கலவையே உலகை வென்றது: தோரியம் ஒட்சைட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு, சீரியம் ஒட்சைட்டு ஒரு பங்கு. உப்புக் கரைசலில் தோய்த்த துணிப்பையை முதன்முறை எரிக்கும்போது நூல் சாம்பலாகிவிட, ஒட்சைட்டாலான எலும்புக்கூடு மாத்திரம் எஞ்சும். அவ்வெலும்புக்கூடே வெண்சூடேறி ஒளிர்கின்றது. விரல் பட்டால் அது நொறுங்கிவிடும். 1984 இல் வெளிவந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ திரைப்படத்திற் கவுண்டமணியும் செந்திலும் தோன்றும் பெற்றோமக்ஸ் காட்சியைக் கண்டோருக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

தோரியம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவே நம்மை ஜேர்மனியிலிருந்து நம் கரைகளுக்கு அழைத்து வருகின்றது. மென்டிற் தொழிலுக்கு வேண்டிய மொனசைற்று மணல் தொடக்கத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்தே, சிறப்பாகப் பிறேசிலிலிருந்து, பெறப்பட்டது. 1909 இல் சோம்பேர்க் என்னும் ஜேர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மொனசைற்று இருத்தலைக் கண்டார். அதன் பயனாக அன்றைய தென் திருவிதாங்கூரிலும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கும் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் எழுந்தது. 1914 இல் மூண்ட போர் அத்தொழிலை ஜேர்மானியர் பிடியிலிருந்து விடுவித்து ஆங்கிலேயர் கையில் ஒப்படைத்தது. நம் நாட்டிலும் பேருவளைக் கரையிலும் புல்மோட்டை மணலிலும் மொனசைற்று உண்டு. இவற்றினும் சுவையான செய்தி ஒன்றுளது. இலங்கைக் கனிப்பொருளாய்வின் முதற் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை பணியாற்றியவர் ஆனந்த குமாரசுவாமி. சிவநடனம் பற்றிய நூலாலே நாம் அறிந்த அதே குமாரசுவாமிதான். சபரகமுவைப் பகுதியிற் கிடைத்த கருநிறக் கனி ஒன்று புதுக்கனியென 1904 இல் இனங்காணப்பட்டமைக்கு அவருடைய ஆய்வு துணைநின்றது. தோரியனைற்று எனப் பெயரிடப்பட்ட அக்கனியில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தோரியம் ஒட்சைட்டே உள்ளது. மேனாட்டின் தெருக்களும் வீடுகளும் வெண்ணொளி பெற்ற காலத்தில் அவ்வொளியின் மூலப்பொருள் பற்றிய கேள்வி ஒரு தமிழ்மகனின் மேசையிலும் கிடந்தது.

மென்டிலை மண்ணெண்ணெயோடு இணைப்பதற்கு இன்னொரு கண்டுபிடிப்பும் வேண்டியிருந்தது. எண்ணெயைக் காற்றமுக்கத்தால் மேலேற்றி, சூடான குழாயிலே ஆவியாக்கி எரிக்கும் முறையை 1892 இல் சுவீடன் நாட்டு லிண்ட்குவிஸ்ற் தமது பிறைமஸ் அடுப்பிற் சிறப்புறக் கையாண்டார். பேர்லினில் 1866 இல் நிறுவப்பட்ட ஏரிக் – கிறெற்ஸ் விளக்குத் தொழிற்சாலையைச் சேர்ந்த மக்ஸ் கிறெற்ஸ், 1910 ஐ ஒட்டிய காலத்தில், இத்தகைய முறையை விளக்கிற் புகுத்தினார். பெற்றோலியம் என்பதன் முற்பகுதியும் அவருடைய பெயரும் இணைந்ததே பெற்றோமக்ஸ். முதலிற் சிறு கிண்ணத்தில் ஸ்பிரிற்று ஊற்றிக் கொளுத்திக் குழாயைச் சூடேற்ற வேண்டும். பின்பு தாங்கியிலே காற்றடித்தால் எண்ணெய் மேலேறி ஆவியாகி, நிப்பிளின் நுண்துளை வழியாகச் சீறிப் பாய்ந்து, காற்றோடு கலந்து, களிமண் முனை வழியாக மென்டிலை அடையும். மென்டிலின் வெப்பமே அதன்பின் குழாயைச் சூடாக வைத்திருக்கும். ஐந்நூறு மெழுகுதிரி ஒளி எனக் குறிக்கப்பட்ட 829 ஆம் இலக்க மாதிரியே பெரும்புகழ் பெற்றது. இங்கிலாந்தில் ரில்லியும் ஐக்கிய அமெரிக்காவிற் கோல்மனும் இத்துறையிற் பெயர் பெற்றவை. கோல்மனின் 1914 ஆம் ஆண்டு விளக்கு மண்ணெண்ணெயிலன்றிப் பெற்றோலில் எரிந்தது. பண்ணை வேலைக்குப் பிறந்த அவ்விளக்குத்தான் பிற்காலத்தில் உல்லாசக் கூடாரத்தின் சின்னமாயிற்று.

சேகரிப்போர் ஆவலுடன் தேடும் மற்றொரு பெயர் லீப்சிக் நகரத்து ஹசாக். விளக்குச் செய்த அந்நிறுவனம் நாற்சி ஆட்சியில் ஆயுத உற்பத்திக்கு மாறி, பல்லாயிரம் யூதக் கைதிகளை அடிமை வேலையிற் கொன்றொழித்தது. மினுக்கிய பித்தளையிற் பெயரை மாத்திரம் படிப்போருக்கு இது புலப்படாது.

நம் நாட்டில் லக்ஷபான நீர்மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கிய பின்பும் கிராமங்கள் பல நெடுங்காலம் மின்சாரம் காணவில்லை. எனவே இரவுக்குரிய பொதுக் காரியங்கள் யாவும் இவ்விளக்கையே நம்பியிருந்தன. பந்தங்களின் ஒளியில் ஆடப்பட்ட கூத்து, இடையறா இரைச்சலோடு கூடிய வெண்ணொளிக்கு மாறியது. பந்தம் அசைந்து முகத்தில் நிழலாடச் செய்யும். இதுவோ அசையாமல் எல்லாவற்றையும் காட்டிவிடும். அமுக்கம் குறைந்து ஒளி மங்கும்போது ஒருவர் எழுந்து காற்றடிக்கும்வரை அரசனும் மங்கியே நிற்க வேண்டியதுதான். சுவாமி வீதிவலம் வருகையில் விளக்கைத் தலையிற் சுமந்து நடந்தோர் கூலிக்கு அமர்ந்த ஏழைகள். ஒளி ஊருக்கு, வெக்கை அவர்களுக்கு என்பதே ஏற்பாடு. அவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

இனி முரண்பாட்டுக்கு வருவோம். சேகரிப்போர் ஒரு விளக்கைப் பெற்றதும் முழுவதையும் கழற்றி, தாங்கியைக் கழுவி, ஆவிக்குழாயிற் படிந்த கரியை நீக்கி, பம்பின் தோல் வாசரை மாற்றி, மேனியை மினுக்குவர். நிக்கற் பூச்சு மினுக்க மினுக்கத் தேய்ந்து அடியிலுள்ள பித்தளை தெரியும். சிலர் பூச்சையே முற்றாக உரித்துவிடுவர். உள்ளூர்ப் பட்டறையில் வைத்த ஈயப் பற்றும் தொழிற்சாலைக்கு உரியதல்லாத உறுப்பும் அவர்களுக்குக் குறைகள். விளக்கு தொழிற்சாலையை விட்டு நீங்கிய நாளின் தோற்றத்தை மீட்பதே அவர்கள் இலக்கு. ஆனால் அந்நாளுக்குப் பின்னரேயே விளக்கு நம்முடைய வரலாற்றுக்குள் நுழைகின்றது. அப்பற்றுகளை நீக்குவது ஏட்டின் ஓரக் குறிப்புகளைச் சுரண்டி எறிவதை ஒக்கும்.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அமுக்கத்தைத் தாங்கவேண்டிய தாங்கியிற் பழைய பற்று இளகுமாயின் விளக்கே தீப்பந்தமாகிவிடும். தோரியம் கதிர்வீச்சுடையது என்பதால் பழைய மென்டிலின் தூளைச் சுவாசித்தலும் தகாது. 1990 களிலிருந்து யித்திரியம் கலந்த மென்டில்களே மேனாடுகளிற் பெரிதும் வழங்குகின்றன. ஆகவே மீண்டும் ஒளிரும் விளக்கு, சாட்சியாக நிற்கும் விளக்கு என்னும் இரண்டில் ஒன்றையே பல வேளைகளில் நாம் தெரிய முடியும். பட்டறைக்காரரின் கைவேலையைத் தாங்கிய விளக்குகளேனும் ஏற்றப்படாமல் இருப்பதே நன்று என்பது என் கருத்து.

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் தடைப்பட்டு, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பெருவிலைப் பொருளானபோது, பரணிற் கிடந்த பெற்றோமக்ஸ்கள் மீண்டும் இறங்கின. எனினும் அவை எண்ணெயை மிகுதியாகக் குடிப்பவை. வீடுகளிற் படிப்பு நடந்தது ஜாம் போத்தலின் அடியிற் சிறிது எண்ணெய் விட்டு, நூற்றிரி இட்டு எரித்த விளக்கிலேதான். பெற்றோமக்ஸ் சாவு வீட்டுக்கும் சடங்குக்கும் என ஒதுக்கப்பட்டது.

அக்காலத்தில் உழைத்த விளக்கு ஒன்றை அண்மையிற் கையிலெடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. தாங்கியின் அடியில் மூன்று ஈயப் பற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. முதலிரண்டும் அரத்தால் நேர்த்தியாக இழைக்கப்பட்டவை, மூன்றாவது அவசரத்தில் வைத்தது. உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக மைக்காத் தகட்டை வளைத்துக் கம்பியாற் கட்டியிருக்கிறார்கள். பம்பின் வாசர் செருப்புத் தோலில் வெட்டியது. அதில் தையல் துளைகள் இரண்டு இன்னும் தெரிகின்றன. தொழிற்சாலை முத்திரை தேய்ந்து வாசிக்க முடியாதவாறு போய்விட்டது. அதற்குக் கீழே, ஆணியாற் கீறிய ஒரு கோயிலின் முதலெழுத்துகள் மாத்திரம் தெளிவாக உள்ளன.