சொல்வோர் விதியும் கேட்போர் விதியும்: நிரலாக்க மொழிச் சமூகங்களில் ஒழுக்க நெறி வளர்ந்த வரலாறு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், தமது பொதுப்பாயிரத்தில் ஆசிரியனது வரலாற்றையும் பாடஞ்சொல்லும் முறையையும் முதலில் வகுத்துவிட்டு, அதன் பின்னரே மாணாக்கனது வரலாற்றுக்கும் பாடங்கேட்கும் முறைக்கும் வருகிறார். ஆசிரியராகத் தகாதவரைச் சுட்டுமிடத்தில், கருக்குமட்டைகளால் எவரையும் அண்டவிடாமல் நின்று, தானாகக் கனியை உதிர்த்தாலொழியப் பிறர்க்குப் பயன்படாத மடற்பனையை அவர் உவமையாக்கியதும் தமிழ் படித்தோர் அறிந்ததே. கணினி நிரலாக்க மொழிகளைச் சுற்றி உலகெங்கும் தோன்றிய சமூகங்களிலோ இவ்வரிசை தலைகீழாக அமைந்தது. கேட்போருக்குரிய விதிகள் முதலில் எழுதப்பட்டன. சொல்வோருக்குரியவை பல ஆண்டுகள் கழித்தே வந்தன. அவை சென்னையை அடைந்தபோது, தாமாகவே போதுமானவையாக இல்லாமல், வேறொரு துணையை வேண்டி நின்றன என்பதே இக்கட்டுரையில் நிறுவ முயலும் கருத்தாகும்.

இதனை வடசென்னையிலிருந்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. எழுதப்பட்ட நடத்தை விதி என்பது இப்பகுதிக்குப் புதிய விஷயமன்று. 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தோன்றி 1955இல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறிய எண்ணூர்த் தொழிற்சாலை, அதே 1955ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் எழுந்த என்ஃபீல்டு, அவ்வூரிலேயே பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கி டயருக்கு மாறிய எம்.ஆர்.எஃப். ஆகியவற்றில் வேலைக்குச் சென்ற தலைமுறைகள், 1946ஆம் ஆண்டின் தொழில் நிலையாணைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவை. நூறு பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள ஸ்தாபனம் ஒவ்வொன்றும், எது ஒழுங்கீனம், அதனை விசாரிப்பது எங்ஙனம், தண்டனை யாது என்பனவற்றை எழுத்தில் வகுத்து, அதிகாரியின் சான்று பெறவேண்டும் என்று விதித்த அச்சட்டம், அவ்வாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு விளங்கும் பாஷையிலும், அவர்களில் பெரும்பாலோர் நுழையும் வாயிலருகே தனிப்பலகையில் மாட்டவேண்டும் என்றும் கட்டளையிட்டது. விதியை இயற்றினால் மட்டும் போதாது, அதற்கு உட்படுவோன் தினமும் நுழையும் கேட்டருகே, அவனுக்குப் புரியும் மொழியில் அது நிற்கவேண்டும் என்ற இந்நியாயம் சாமானியமானதன்று. பின்னால் நாம் காணப்போகும் கணினி உலகத்தில் இதற்கு நிகரான ஒரு நிபந்தனையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தொழில் பழக வருவோரைப் பொறுத்தவரை 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. பழகுநன் ஊக்கத்தோடு கற்கவேண்டும், நியாயமான உத்தரவுகளுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று அவன் கடமைகளைச் சொன்னதற்கு முன்னதாகவே, அவனுக்குப் பயிற்சி அளிக்கும் வசதியும், தகுதி பெற்ற ஒருவரை அப்பயிற்சிக்குப் பொறுப்பாக அமர்த்துவதும் முதலாளியின் கடமைகள் என்று அது கூறிற்று. அச்சட்டம் தொழிற்கூடங்களில் எந்த அளவுக்கு அனுஷ்டிக்கப்பட்டது என்பது வேறு விசாரணை. அப்ரண்டிஸாகப் போனவன் டீ வாங்கிவரும் பையனாகவே காலந்தள்ளிய கதைகளுக்கு இப்பக்கத்தில் பஞ்சமில்லை. ஆயினும் சட்டத்தின் எழுத்தில், பவணந்தியாரிடத்தில் போலவே, சொல்லிக்கொடுப்பவன் முதலிலும் கற்பவன் பின்னும் நிற்கிறார்கள்.

இனிக் கணினிச் சமூகங்களுக்கு வருவோம். யூஸ்நெட் என்னும் பழைய விவாதக் களத்தில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிய மாணவர் வந்துசேரும் ஒவ்வொரு செப்டம்பரும் சம்பிரதாயம் அறியாதவரின் வெள்ளம் புகுவதும், சில வாரங்களில் மூத்தோர் அவர்களை அதட்டியும் திருத்தியும் வழிப்படுத்துவதும் வழக்கம். 1993இல் வியாபார நிறுவனங்களின் சந்தாதாரர்களுக்கும் கதவு திறந்துவிடப்பட, வெள்ளம் வடியவே இல்லை. அது எழுப்பிய அச்சத்தின் நிழலில் 1995 அக்டோபரில், இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த இணைய நாகரிக நெறிகள் வெளிவந்தன. 2001இல் நிரலாளரான எரிக் ரேமண்ட், கேள்விகளைச் சாமர்த்தியமாகக் கேட்பது எப்படி என்று எழுதிய நீண்ட வழிகாட்டி, நிரலாளர்களிடையே ஏறத்தாழ ஒரு ஸ்மிருதியின் அந்தஸ்தைப் பெற்றது. கையேட்டைப் படித்தாயா, தேடிப்பார்த்தாயா, பிழையைச் சரியாக விவரித்தாயா என்று கேட்போனை நோக்கியே அதன் பெரும்பகுதி விரிகிறது. விடை சொல்வோன் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதற்கு இறுதியில் ஒரு சிறு பகுதியே கிடைத்தது. அதிலுள்ள அறிவுரைகள் பெரும்பாலும் நல்லவையே என்பது என் அபிப்பிராயம். ஆனால் அறியாதவனிடம், அறிந்தவனைப்போலக் கேட்டால்தான் பதில் கிடைக்கும் என்று சொல்வதில் உள்ள முரண்பாட்டை அக்காலத்தவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

திருப்பம் மெல்ல வந்தது. 2004இல் பிறந்த உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் தன் தொடக்க காலத்திலேயே பங்களிப்போர் அனைவருக்கும் ஒரு நடத்தை விதியைச் சேர்த்துக்கொண்டது. 2011இல் நியூயார்க்கில் ஹாக்கர் ஸ்கூல் என்ற பெயரில் தோன்றி, இன்று ரிகர்ஸ் சென்டர் எனப்படும் பயிற்சிக்கூடம் வகுத்த சில சிறு விதிகளுள் ஒன்றை இங்கே நிறுத்தி நோக்குதல் தகும்: ஒருவர் தமக்கு ஒரு விஷயம் தெரியாது என்று சொன்னால், மற்றவர் பொய்யான வியப்பைக் காட்டலாகாது. “என்னது, இதுகூடத் தெரியாதா?” என்று புருவத்தை உயர்த்துவதால் கற்பவனுக்கு யாதொரு லாபமும் இல்லை, காட்டுபவனின் அகங்காரத்துக்கே தீனி கிடைக்கிறது என்று கண்டு, அதனைப் பெருங்குற்றமாக அன்றிச் சிறு வழுவாகச் சுட்டித் திருத்திக்கொள்ளும்படி செய்த அந்த விதி, சொல்வோனுடைய நாவுக்கே கட்டுப்பாடு விதித்தது. அனுபவ அளவு எதுவாயினும் எவருக்கும் இடமுண்டு என்று ரஸ்ட் மொழியின் நடத்தை விதி வெளிப்படையாகவே கூறிற்று. பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 2012இல், நடத்தை விதி இல்லாத மாநாடுகளுக்கு நிதி தருவதில்லை என்று தீர்மானித்தது. கடுமொழிக்குப் பேர்போன லினக்ஸ் கருநிரல் சமூகமும், அதனைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் பேச்சுக்கு வருந்தி விடுப்பில் சென்ற 2018 செப்டம்பரில் புதிய நெறியை ஏற்றது.

பைத்தானைப் பற்றி மற்றொன்று சொல்லவேண்டும். ஆம்ஸ்டர்டாமில் க்விடோ வான் ரோஸம் உருவாக்கி 1991 பிப்ரவரியில் வெளியிட்ட இம்மொழி, கற்போர்க்கென்றே அமைந்த ஏ.பி.சி. என்ற மொழியின் வழித்தோன்றல். புதியவன் அடைப்புக்குறி ஒன்றைத் திறந்து மூட மறந்துவிட்டால், பழைய பதிப்புகள் குற்றமற்ற அடுத்த வரியைக் காட்டி, இலக்கணப் பிழை என்று மட்டும் சொல்லி அவனைத் திகைக்க வைக்கும். 2021 அக்டோபரில் வந்த 3.10ஆம் பதிப்போ, திறந்த அந்தக் குறியையே சுட்டி, இது மூடப்படவே இல்லை என்று தெரிவிக்கிறது. மனிதர்களுக்கு இடப்பட்ட விதி இயந்திரத்தின் வாய்மொழியிலும் இறங்கிய இடம் இது. எந்த நடத்தைக் குழுவின் தீர்மானத்தையும்விட, இரவில் தனியே அமர்ந்து பழகும் ஒருவனுக்கு இதுவே பேருதவி என்று நான் கருதுகிறேன். அச்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது என்பதே எஞ்சிய தடை.

சென்னையில் அத்தடையைத்தான் சிலர் முதலில் எதிர்கொண்டார்கள். 1998 ஜனவரி முதல் இயங்கிவரும் இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் கூடி, கட்டணமின்றிச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்திற்று. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரலாக்க மொழி பற்றிய ஆய்வுரை 2009இல் வெளியாயிற்று; பைத்தானிலேயே எழுதப்பட்ட அம்மொழியில் நிபந்தனை முன்னே வர, ‘ஆனால்’ என்ற சொல் அதன் பின்னே நிற்கும், பகுதியை ‘முடி’ என்பது முடித்துவைக்கும். அதாவது தமிழ்ப் பிள்ளையின் வாக்கிய அமைதிக்கே கருவி வளைந்துகொடுத்தது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தையும் உடன்கொண்டு மீனவர் குப்பங்களின் வீடுகளுக்குள்ளும் பிரவேசித்தன. கருவி வந்தது, சொல்லித்தர ஆளில்லை. 2012 ஜனவரியில் த. ஸ்ரீனிவாசன் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருளை எளிய தமிழில் விளக்கும் பாடங்களை, எவரும் எடுத்துப் பகிர்ந்துகொள்ளும் உரிமத்தோடு வெளியிட்டு, து. நித்யாவின் மைஎஸ்கியூஎல் தரவுத்தள நூல் போன்றவற்றின் வாயிலாக அந்தக் குறையில் ஒரு பகுதியை நிரப்பிற்று. இம்முயற்சிகளை நடத்தை விதி வரலாற்றில் சேர்க்கலாமா என்று கேட்பாருண்டு. புதியவனை வரவேற்கிறோம் என்று அறிவிக்கும் எந்த விதியும் அவன் படிக்கக்கூடிய பாஷையில் பாடமாகும்போதுதான் செயலாகிறது என்பதால், சேர்த்தே தீரவேண்டும்.

தேசப்படத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். லினக்ஸ் குழு கூடிவந்த கிண்டிப் பக்கத்து வளாகமும், 2019இல் இந்தியப் பைத்தான் மாநாடு நடந்த நந்தம்பாக்கம் வர்த்தக மையமும் நகரின் தென்பாகத்தில் உள்ளவை. இராயபுரத்திலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ செல்பவர் சென்ட்ரலுக்கோ கடற்கரை நிலையத்துக்கோ வந்து வண்டி மாறவேண்டும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகுதான் இப்பிரயாணம் ஓரளவு இலகுவாயிற்று. அப்போதும், சனிக்கிழமை முதல் ஷிப்டு முடிந்து எண்ணூரில் கேட்டை விட்டு வெளிவரும் பழகுநன், குளித்து உடைமாற்றி, வண்டி பிடித்து, நகரம் முழுவதையும் கடந்து போய்ச் சேர்வதற்குள், பிற்பகலில் தொடங்கிய கூட்டம் கலையும் தறுவாயில் இருக்கும். அவனுக்கு எட்டுவது, கைப்பேசியில் இறக்கிக்கொண்டு ரயிலிலேயே படிக்கக்கூடிய தமிழ்ப் பாடந்தான்.