மாணவர் கிளர்ச்சியும் வாக்குரிமையும்: ஓர் ஒப்பாய்வு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆசிய நாடுகளில் எழுந்த மாணவர் கிளர்ச்சிகளை இளமை வேகத்தின் விளைவுகள் என்று கூறி அமைவோர் உளர். அவற்றை ஒப்புநோக்கின், மாணவர்தம் மனப்பாங்கினும் அவர்முன் திறந்திருந்த அரசியல் வழியே முடிவுகளை வேறுபடுத்திற்று என்பது புலனாகும். மொழியுரிமை பற்றி எழுந்த இரு கிளர்ச்சிகளை முதற்கண் நோக்குவோம்.

1948 மார்ச்சில் டாக்காவில் பேசிய ஜின்னா, உருதுவே பாகிஸ்தானின் அரசுமொழியாகும் என்றார். அந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் வங்கமொழியினர். 1952 பிப்ரவரி 21 அன்று தடையாணையை மீறிய டாக்கா மாணவர்மீது காவலர் சுட்டனர், உயிர்கள் மாண்டன. தமிழகத்தில், 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாதலை எதிர்த்து, முதல்நாளே மதுரையில் மாணவர் ஊர்வலம் சென்றனர். 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் சுடப்பட்டு இறந்தார். ஈரிடத்தும் மொழிப்பற்றோடு, அரசுப் பணிகளில் பின்தள்ளப்படுவோம் என்னும் அச்சமும் விரவி நின்றது.

தேர்தற்களத்தும் இவ்வொற்றுமை தொடர்ந்தது. 1954 இல் கிழக்கு வங்க முதலமைச்சர் நூருல் அமீனை மாணவர் தலைவர் காலேக் நவாஸ் கான் தோற்கடித்தார். 1967 இல் விருதுநகரில், அகில இந்தியக் காங்கிரசின் தலைவராயிருந்த காமராசரை மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வாக்குகளால் வென்றார்.

வேறுபாடு இதன்பின்னரே தோன்றுகின்றது. 1954 இல் வென்ற ஐக்கிய முன்னணியின் அமைச்சரவையை நடுவணரசு இரு திங்களுக்குள் நீக்கிற்று. 1956 இன் அரசியலமைப்பு வங்கமொழியை ஏற்றதாயினும், 1958 இல் வந்த படையாட்சி அவ்வமைப்பையே ஒழித்தது. வாக்கால் தீராத வழக்கு 1971 இல் போரில் முடிந்தது. தமிழகத்திலோ, 1965 இல் படையினர் வரவழைக்கப்பட்டும், தேர்தல் வழி அடைபடவில்லை. 1967 இல் ஆட்சி மாறியது. 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது.

பிற நாட்டு நிகழ்ச்சிகளும் இம்முடிபுக்கு அரண் செய்கின்றன. தென்கொரிய மாணவர் 1960 ஏப்ரலில் சிங்மன் ரீயைப் பதவி விலகச் செய்தனர். ஆயினும் அடுத்த ஆண்டே படைத்தலைவர் ஆட்சியைக் கைப்பற்றினர். இந்தோனேசிய மாணவர் 1966 இல் சுகர்ணோவை எதிர்த்துப் படையினரோடு சேர்ந்து நின்றனர், பயன்கொண்டோர் படையினரே. பர்மாவில் 1962 ஜூலையில் இரங்கூன் மாணவர் சுடப்பட்டனர். அவர்தம் சங்கக் கட்டிடமும் தகர்க்கப்பட்டது.

துணிவும் தியாகமும் இந்நாடுகள் அனைத்திற்கும் பொதுவாயின. மாணவர் எழுப்பிய வினாவை வாக்காளர் விடையளிக்கும் வினாவாக மாற்றவல்ல அமைப்பே அரிதாயிற்று. தமிழக மாணவரின் வெற்றியை அவர்தம் வீரத்திற்கு மட்டுமே உரியதாக்குதல், வேற்று நாட்டில் அவரினும் குறையாத வீரத்தோடு தோற்றோரை மறத்தலாகும்.